அவர் பிறக்காமலே போயிருந்தால்?

கேள்வி, மார்ச் 2
பெரிய மனிதர்கள்தான் வரலாற்றை மாற்றினார்கள் என்று பள்ளியில் படித்ததெல்லாம் மிகை. காலம் கனிந்துவிட்டால் யாராவது ஒருவர் அதைச் செய்துவிடுவார். டார்வின் இல்லாவிட்டால் வாலஸ். பெல் இல்லாவிட்டால் கிரே. பெயர்களை விட்டுவிட்டுச் சூழ்நிலையை மட்டும் படித்தால் போதும் என்கிறேன். மறுப்பவர்கள் உண்டா?

மார்ச் 2, மாலை 6.30
நான் மறுக்கிறேன், பாதிதான். டார்வின் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அவர் இருபது ஆண்டுகளாக வெளியிடாமல் வைத்திருந்த அதே இயற்கைத் தேர்வு எண்ணம், 1858 ஜூனில் மலாய்த் தீவுகளிலிருந்து வாலஸ் எழுதிய கடிதமாக அவர் வீட்டுக்கே வந்து நின்றது. ஜூலை 1 அன்று லண்டனில் லின்னியன் சங்கத்தில் இருவருடைய எழுத்தையும் சேர்த்து வாசித்தார்கள். இருவருமே அங்கே இல்லை. அடுத்த வருடம் அந்த 1858-ஐத் திரும்பிப் பார்த்துப் பேசிய சங்கத் தலைவர், குறிப்பிடும்படியான பெரிய கண்டுபிடிப்பு எதுவும் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தொலைபேசிக்காகப் பெல், கிரே இருவரும் கொடுத்த தாள்களும் 1876 பிப்ரவரி 14 என்ற ஒரே நாளில் காப்புரிமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் உண்மைதான்.

ஆனால் "யாராவது செய்துவிடுவார்" என்கிறீர்களே, அந்த யாராவது எப்போது வருவார்? பத்து வருடத்திலா, ஐம்பதிலா? நான் 19 வருடமாகச் செவிலியர் வேலை பார்க்கிறேன், அதில் பாதிக்கு மேல் பிரசவ வார்டில். இந்த "எப்போது" எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. இன்று நைட் டூட்டி. காலையில் வந்து எழுதுகிறேன்.

மார்ச் 3, காலை 9.50
சொன்னபடி வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியன்னா பொது மருத்துவமனையில் 1840-களில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி எடுத்தார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். ஒரே கட்டடம், ஒரே மாதிரிச் சாப்பாடு, ஒரே ஊர்ப் பெண்கள். 1846-இல் முதல் பிரிவில் 4,010 பிரசவம், 459 தாய்மார்கள் சாவு. இரண்டாவது பிரிவில் 3,754 பிரசவம், 105 சாவு. பிரசவக் காய்ச்சல்தான் காரணம். பெண்களுக்கு இது தெரிந்தே இருந்தது. முதல் பிரிவில் போட்டுவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார்கள். மருத்துவமனைக்கு வரும் வழியில் தெருவிலேயே பெற்றவர்கள்கூட உள்ளே பெற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

இக்னாஸ் செம்மல்வைஸ் அங்கே உதவி மருத்துவராகச் சேர்ந்தபோது வயது 28. இவர் என்னென்ன யோசித்தார் என்று பார்த்தால் மனது இளகிவிடும். சாகப்போகிறவர்களுக்குச் சடங்கு செய்ய வரும் பாதிரியார் முதல் பிரிவு வழியாக மணி அடித்துக்கொண்டு நடப்பார். அந்த மணிச் சத்தத்தின் பயமே பெண்களைக் கொல்கிறதோ என்று நினைத்து, மணி இல்லாமல் வேறு வழியாக வரச் சொன்னார். சாவு குறையவில்லை. இரண்டாவது பிரிவில் பெண்களை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பிரசவம் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இங்கேயும் அப்படியே செய்யச் சொன்னார். அப்போதும் குறையவில்லை. 1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொலட்ச்கா, போஸ்ட்மார்ட்டம் செய்யும்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு, அந்தத் தாய்மார்களைப் போலவே காய்ச்சல் கண்டு இறந்தார். அவருடைய பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படித்தபோதுதான் செம்மல்வைஸுக்குப் பொறி தட்டியது. மாணவர்கள் காலையில் பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு பிரசவ வார்டுக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதே இல்லை.

மே மாத நடுவில் வார்டு வாசலில் குளோரின் சுண்ணாம்புக் கரைசல் வைத்தார். நாம் பிளீச்சிங் பவுடர் என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். பிணவாடை போகும் வரை கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் இறந்த பிரிவு அது. ஜூனில் 2 சொச்சம், ஜூலையில் 1 சொச்சம். கிருமியால் நோய் வரும் என்பதை அப்போது மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளவில்லை, வாடையை வைத்துத்தான் கண்டுபிடித்தார்.

இப்போது சொல்லுங்கள், இவர் இல்லாவிட்டால் யாராவது செய்திருப்பார்களா?

மார்ச் 3, மதியம் 3.20
தூங்கி எழுந்து என் குறிப்பை நானே படித்தேன். ஒரு திருத்தம் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அது நேர்மையில்லை. செம்மல்வைஸ் முதல் ஆள் இல்லை. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் அலெக்ஸாண்டர் கார்டன் என்ற மருத்துவர் 1795-லேயே எழுதிவிட்டார்: இந்தக் காய்ச்சலை நோயாளியிடமிருந்து நோயாளிக்குக் கொண்டுபோவது மருத்துவர்களும் மருத்துவச்சிகளும்தான், நானே பலருக்குக் கொண்டுபோயிருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு எழுதினார். அப்படி எழுத எவ்வளவு தைரியம் வேண்டும்! அதற்குப் பிறகு அந்த ஊரில் அவரால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1843-இல் இதையே ஒரு கட்டுரையாக எழுதினார், பெரிய பேராசிரியர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆக, கேள்வி கேட்டவர் ஒரு புள்ளி வாங்கிக்கொண்டார். உண்மை மூன்று தடவை மூன்று ஊரில் தானாகவே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

மார்ச் 5, இரவு 11.05
இரண்டு நாளாக இது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. மூன்று தடவை கண்டுபிடித்தும் ஏன் மூன்று தடவையும் நிற்கவில்லை? சூழ்நிலைதான் காரணம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். காலம் கனியவில்லை என்று சொல்லிவிடலாம். கனியாத காலத்தில் சாவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்து கண்ணுக்கு முன்னால் நின்றதே, இதைவிட எப்படிக் கனிய வேண்டும்?

எனக்குத் தோன்றுவது, செம்மல்வைஸ் உண்மையைக் கண்டுபிடித்தார், ஆனால் அதை அடுத்தவர் கைக்கு மாற்றிக் கொடுக்கத் தெரியவில்லை. வருடக்கணக்கில் தானாக எதையும் எழுதி வெளியிடவில்லை. 1847 கடைசியில் ஹெப்ரா என்ற நண்பர்தான் அவருக்காக எழுதினார். 1850-இல் யாரிடமும் சரியாகச் சொல்லாமல்கூட வியன்னாவை விட்டு ஹங்கேரியின் பெஸ்ட் நகரத்துக்குப் போய்விட்டார். அவருடைய புத்தகம் வந்ததே 1861-இல். அது எடுபடவில்லை என்றதும் பேராசிரியர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. கண்ணுக்கு முன்னால் சாகிறவர்களைப் பார்த்தவர் வேறு எப்படி எழுதுவார்? ஆனாலும் கொலைகாரன் என்று அழைக்கப்பட்டவர் யாரும் மறுநாள் கை கழுவப் போகவில்லை.

1865 ஜூலை கடைசியில் அவரை மனநலக் காப்பகத்தில் சேர்த்தார்கள். ஆகஸ்ட் 13 அன்று, காயத்தில் சீழ் பிடித்து இறந்தார், வயது 47.

இதற்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 12, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு உடைந்து தோலைக் கிழித்த 11 வயதுப் பையனை அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டரிடம் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட காலை வெட்டுவதுதான் வழக்கம். லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டினார். கால் தப்பியது. இந்தத் தேதிகளை முதல் தடவை பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

லிஸ்டரிடம் இரண்டு விஷயம் இருந்தன. ஒன்று, பாஸ்டர் அதற்குள் நுண்ணுயிர்கள் பற்றிச் சொல்லிவிட்டார், அதனால் "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் கையில் இருந்தது. இதைச் சூழ்நிலையின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், சண்டை போட மாட்டேன். இன்னொன்று, லிஸ்டர் சலிக்காமல் சொல்லிக் கொடுத்தார். 1867-இல் ஒவ்வொரு நோயாளியின் கதையையும் வரிசையாக எழுதி வெளியிட்டார், மாணவர்களை உருவாக்கினார், அவர்கள் போன இடமெல்லாம் முறையும் போனது. தவறு என்று தெரிந்ததைத் தானே மாற்றியும் இருக்கிறார். அறையெங்கும் கார்பாலிக் தெளிக்கும் கருவியைக் கொண்டுவந்தவரும் அவர்தான், பிறகு தேவையில்லை என்று அதைக் கைவிட்டவரும் அவர்தான்.

மார்ச் 6, மதியம் 2.00
"அதுதான் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே, இனி என்ன" என்று கேட்டிருக்கிறீர்கள். தெரிவது வேறு, செய்வது வேறு. என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வார்டில் 24 படுக்கை, ஒரே ஒரு சிங்க், அதுவும் கதவுக்குப் பக்கத்தில். கடைசிப் படுக்கையிலிருந்து சிங்க்குக்குப் போய்வர, குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க, ஒன்றரை நிமிடத்துக்குக் குறையாது. ஒரு ஷிஃப்டில் நூறு தடவையாவது கை கழுவ வேண்டிய தருணம் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டரை மணி நேரம் நடையும் தண்ணீருமாகவே போய்விடும். சுவரில் "கை கழுவுக" என்று பெரிதாக ஒரு போர்டு. எங்களில் ஒருவருக்குக்கூடக் கிருமி என்றால் என்னவென்று தெரியாமல் இல்லை. ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு மூன்று குழந்தைகள் ஒன்றாக அழும்போது எத்தனை தடவை நடந்தோம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வருடங்களில் தொற்று வந்து அவதிப்பட்ட தாய்மார்களை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

பிறகு ஒரு நாள் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் சானிடைசர் பாட்டில் மாட்டினார்கள். அழுத்து, தேய், இருபது முப்பது நொடி, முடிந்தது. போர்டு செய்யாததைப் பாட்டில் செய்தது.

பாட்டிலை மாட்ட வைத்தவர் யார் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தேடிப் படித்தேன். ஜெனீவா மருத்துவமனையில் டிடியே பிட்டே என்ற மருத்துவர் 1994-இல் தன் மருத்துவமனையிலேயே ஆள் வைத்து எண்ணிப் பார்த்தார். கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் 48 விழுக்காட்டில்தான் செய்தார்கள். செம்மல்வைஸுக்கு ஏறக்குறைய 150 வருடம் கழித்து, பாதிகூட இல்லை! அவர் யாரையும் திட்டவில்லை. நேரமில்லை என்பதுதான் நோய் என்று புரிந்துகொண்டு, ஆல்கஹால் கரைசலைப் படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார், சுவரொட்டிகளை ஊழியர்களையே சேர்த்துக்கொண்டு வரைந்தார். 1997-இல் 66 விழுக்காடு. பிறகு உலக சுகாதார நிறுவனம் இதையே எடுத்துக்கொண்டு, 2009-இல் எல்லா நாடுகளுக்குமான வழிகாட்டுதலாக வெளியிட்டது.

மார்ச் 9, இரவு 8.40
மருத்துவத்தை விட்டுச் சமூகத்துக்கு வா என்கிறீர்கள். சரி. மான்ட்கோமரி, அலபாமா, 1955 டிசம்பர் 1. பேருந்தில் வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதாகிறார். கால் வலித்த ஒரு தையல்காரப் பெண்மணி திடீரென்று எழாமல் உட்கார்ந்துவிட்டார், நாடே மாறியது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அவர் அப்போதே பல வருடங்களாகக் கறுப்பின மக்களுக்கான உரிமை அமைப்பின் உள்ளூர்ச் செயலாளராக இருந்தவர். தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தே செய்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைய இரவைப் பற்றி. ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, கைது செய்தி வந்ததும் நடு இரவில் தன் கல்லூரிக்குப் போனார். இரண்டு மாணவர்களும் சக ஊழியர் ஒருவரும் துணை. சைக்ளோஸ்டைல் எந்திரத்தில் விடிய விடியத் துண்டறிக்கை ஓட்டினார்கள். ஒரு தாளில் மூன்று அறிக்கை வருகிற மாதிரி ஸ்டென்சில் வெட்டி, பிறகு தாளை மூன்றாகக் கத்தரித்து, பத்தாயிரக்கணக்கில். திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏறாதீர்கள் என்பதுதான் செய்தி. காலையில் தன் எட்டு மணி வகுப்பையும் எடுத்துவிட்டு அவற்றைக் கொண்டுபோய் விநியோகித்தார். இது அன்று இரவு திடீரென்று முளைத்த யோசனையும் கிடையாது. அவருடைய பெண்கள் அமைப்பு 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதிப் பேருந்துப் புறக்கணிப்பு வரலாம் என்று எச்சரித்திருந்தது.

டிசம்பர் 5 திங்கட்கிழமை பேருந்துகள் காலியாக ஓடின. 26 வயது மார்ட்டின் லூதர் கிங்கைப் போராட்டத் தலைவராகத் தேர்ந்தெடுத்ததே அன்றுதான், அதாவது புறக்கணிப்பு தொடங்கிய பிறகு! அப்புறம் 381 நாள். அத்தனை நாளும் ஜனங்கள் வேலைக்கு நடந்தார்கள், இரவல் காரில் போனார்கள்.

ஆசிரியை வேலை போய்விடும் என்பதால் ராபின்சன் அந்தத் துண்டறிக்கையில் தன் பெயரைப் போடவில்லை. போடவும் முடியாது. பெயரை வைத்து வரலாற்றைப் படிப்பதில் உள்ள ஓட்டை இதுதான், கேள்வி கேட்டவர் பக்கம் நான் சாய்வது இங்கேதான்.

மார்ச் 9, இரவு 9.15
விட்டுப்போனது. அதே ஊரில் அதே வருடம் மார்ச் 2 அன்று, 15 வயதுப் பள்ளி மாணவி கிளாடெட் கால்வின் இதே காரியத்தைச் செய்து கைதானார். அந்தப் பெண்ணை முன்னிறுத்திப் போராட்டம் தொடங்கத் தலைவர்கள் தயங்கினார்கள். ஆனால் பேருந்தில் பிரித்து உட்கார வைப்பது செல்லாது என்று 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த வழக்கில், வழக்குத் தொடுத்த நான்கு பெண்களில் கால்வின் ஒருவர். பார்க்ஸ் அந்த நால்வரில் இல்லை. போராட்டத்தின் முகம் ஒருவர், சட்டத்தில் வென்றவர் இன்னொருவர்.

மார்ச் 12, காலை 11.30
"அப்படியானால் தனி மனிதர் நல்லதைக் கொஞ்சம் சீக்கிரம் கொண்டுவருவார், அவ்வளவுதானே" என்று சுருக்கிவிட்டீர்கள். தள்ளிப்போடவும் ஒரு தனி மனிதர் போதும். சோவியத் நாட்டில் லைசென்கோ என்ற வேளாண் வல்லுநர். மரபியலே பொய் என்றார், ஸ்டாலின் அவர் பக்கம் நின்றார், 1948 ஆகஸ்டில் வேளாண் அறிவியல் கழகக் கூட்டத்தோடு மரபியலுக்குக் கதவைச் சாத்தினார்கள். உலகம் முழுக்க அலைந்து விதை சேகரித்த நிகோலாய் வவிலோவ் அதற்கு முன்பே, 1943 ஜனவரியில், சரத்தோவ் சிறையில் பட்டினியால் நலிந்து செத்துவிட்டார்.

அவர் சிறையில் இருந்தபோது லெனின்கிராட் நகரம் ஜெர்மன் படைகளின் முற்றுகையில் இருந்தது. அவர் சேர்த்த விதைகளை அவருடைய நிறுவன ஊழியர்கள் காவல் காத்தார்கள். நெல்லும் கோதுமையும் கடலையும் மூட்டை மூட்டையாகச் சுற்றி இருக்க, அதில் ஒரு பிடியைக்கூட அவித்துத் தின்னாமல் சிலர் பட்டினியாலேயே இறந்தார்கள். தலைவர் சிறையில், கருத்துக்குத் தடை வந்துகொண்டிருக்கிறது, ஆனாலும் யாரோ நாலு பேர் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைச் சூழ்நிலை என்பதா, தனி மனிதர் என்பதா? எனக்கு இரண்டு சொல்லும் போதவில்லை.

மார்ச் 13, இரவு 10.50
இது சின்னக் குறிப்பு. 1983 செப்டம்பர் 26 நள்ளிரவு தாண்டி, ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் என்ற சோவியத் அதிகாரியின் திரையில் அமெரிக்க ஏவுகணைகள் ஐந்து வருவதாகக் காட்டியது. உண்மையில் போர் என்றால் ஐந்தோடு நிறுத்த மாட்டார்களே என்று யோசித்து, தவறான எச்சரிக்கை என்று மேலே சொன்னார். அந்த நாற்காலியில் விதிப்புத்தகத்தை மட்டும் பார்க்கிற ஒருவர் உட்கார்ந்திருந்தால்? இங்கே வாலஸும் கிடையாது, கிரேயும் கிடையாது. சில நிமிடம், ஒரே ஆள். மார்ச் 2 அன்று பாதிதான் மறுக்கிறேன் என்றேன், முக்கால் என்று மாற்றிக்கொள்கிறேன்.

மார்ச் 17, மாலை 5.45
நைட்டிங்கேலைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஒரு செவிலியர் இவ்வளவு எழுதிவிட்டாளே என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டுமென்றேதான் தள்ளி வைத்தேன், ஏனென்றால் அது எனக்குக் கொஞ்சம் வலிக்கும் கதை.

பயிற்சிக் காலத்தில் விளக்கேந்திய சீமாட்டி என்று உறுதிமொழி எடுத்தவள் நான். ஆனால் 1854 நவம்பரில் அவர் துருக்கியில் ஸ்கூட்டாரி போர் மருத்துவமனைக்குப் போன பிறகும் அந்தக் குளிர்காலம் முழுக்கச் சாவு ஏறிக்கொண்டேதான் இருந்தது. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடையைச் சுத்தம் செய்து காற்றோட்டம் கொண்டுவந்த பிறகுதான் இறங்கியது. இதை முதலில் படித்தபோது ஏமாற்றமாக இருந்தது, பொய் சொல்லி வளர்த்துவிட்டார்களே என்று. பிறகு மேலே படித்தேன். ஊருக்குத் திரும்பியதும் வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் வல்லுநரோடு உட்கார்ந்து அந்த எண்களைப் பிரித்துப் பார்த்தவர் நைட்டிங்கேலேதான். தான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்த அதே வார்டுகளில் காயத்தைவிடச் சுகாதாரக் கேடுதான் அதிகம் பேரைக் கொன்றது என்று கண்டு, மறைக்காமல், இறகு விரித்த மாதிரி ஒரு வரைபடமாகப் போட்டு 1858-இல் அரசாங்கத்தின் முன்னால் வைத்தார். 1860-இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி. எனக்கு இப்போது அந்த விளக்கைவிட அந்த வரைபடம்தான் பெரிதாகத் தெரிகிறது. செம்மல்வைஸிடமும் எண்கள் இருந்தன. அவற்றை ஒரு மந்திரிக்குப் புரிகிற மாதிரி வரைந்து கொடுக்க அவருக்கு யாரும் கிடைக்கவில்லை.

மார்ச் 21, காலை 10.10
முதல் நாள் நான் கேட்ட "எப்போது" என்ற கேள்விக்கு எண்ணாகவே பதில் வைத்துவிடுகிறேன். 1848, செம்மல்வைஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்ட முழு வருடம், முதல் பிரிவில் 3,556 பிரசவம், 45 சாவு. இரண்டு வருடம் முன்னால் அதே அறையில் 459.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1847 அக்டோபரில், கழுவும் விதி நடைமுறையில் இருக்கும்போதே, கருப்பைப் புற்று இருந்த ஒரு பெண்ணை வரிசையின் முதல் படுக்கையில் படுக்க வைத்தார்கள். வார்டுக்குள் நுழையும்போது எல்லோரும் கழுவினார்கள், ஆனால் படுக்கைக்குப் படுக்கை கழுவவில்லை. அந்த வரிசையில் 12 பேரில் 11 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு படுக்கைக்கும் நடுவில் கழுவச் சொன்னார்.

நேற்று இரவு நான்காம் படுக்கையில் டிரிப் சரிசெய்துவிட்டு அவசரமாக ஐந்துக்குத் திரும்பினேன். சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகாத பயிற்சிப் பெண், தலையைக்கூட நிமிர்த்தாமல், "சிஸ்டர், கை" என்றாள். திரும்பி வந்து பாட்டிலை அழுத்தினேன். அவளுக்கு வியன்னாவும் தெரியாது, முதல் படுக்கையில் இருந்த அந்தப் பெண்ணும் தெரியாது. இன்றிரவு சேர்ந்து டூட்டி, கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் சொல்ல வேண்டும்.